மிளகாய்க் காட்டுக் குழியில் ஒரு கண்ணாடி மணி: தேவிபட்டினம் பக்கம் மூன்று நாள்

சென்ற மாசியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இருந்தேன். கோயிலுக்கோ கடலில் குளிக்கவோ போகவில்லை. அணுக்கழிவைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்கிற என் தோழி செல்வி ஒரு குழி தோண்டுகிறாள், அதைப் பார்க்கப் போனேன். இதை எழுதி லீவு கேட்டால் தலைமையாசிரியர் என்ன நினைப்பார்? ‘சொந்த வேலை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

உண்மையில் சொந்த வேலைதான். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஒரே ஒரு மாத்திரைதான். விழுங்கியதும் தனியறை. கனத்த கதவு. சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டு நர்ஸ் தள்ளி நின்று பேசுவார். மூன்று நாளும் என் உடம்பே கதிர்வீச்சு வீசிக்கொண்டிருந்தது. அந்த அறையின் கழிப்பறைத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது, தனித் தொட்டியில் தேங்கி வீரியம் தணிந்த பிறகுதான் வெளியே விடுவார்கள் என்று அந்த நர்ஸ்தான் சொன்னார்.

அந்த அயோடின் எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கணக்கு டீச்சருக்குக் கை சும்மா இருக்குமா? எட்டு நாளில் பாதி, பதினாறில் கால், இருபத்து நாலில் அரைக்கால் என்று போட்டுக்கொண்டே போனால், எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆனால் டாக்டர் சொன்ன கெடு முடிந்து பல மாதம் ஆன பிறகும் என் நாத்தனார் தன் குழந்தையை என் மடியில் விடவில்லை. அதற்கப்புறம் இந்த விஷயத்தை நான் யாரிடமும் பேசியதில்லை. இந்த வலைப்பதிவிலும் இன்றைக்குத்தான் முதல்முறை எழுதுகிறேன்.

செல்வி என்னோடு கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவள். ஒருநாள் போனில் அவளிடம் கேட்டேன்: “என் கழிவுக்கு எண்பது நாள் போதும்டி. அணு உலைக் கழிவுக்கு?”

“சிலதுக்கு முந்நூறு வருஷம். சிலதுக்கு லட்சக்கணக்குல. அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க” என்றாள்.

அவள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலையில் எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து பிரிக்கிற கடுமையான கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகு உருளையில் ஊற்றி உறைய விடுகிறார்கள். கழிவு கண்ணாடியின் பகுதியாகவே ஆகிவிடும், தனியே ஒழுகாது. அந்தக் கண்ணாடி எத்தனை காலம் தாங்கும் என்பதுதான் கேள்வி. ஆய்வகத்தில் சில பத்து வருஷங்களுக்கு மேல் சோதிக்க வழியில்லை. அதனால் இவர்கள் பழைய கண்ணாடியைத் தேடுகிறார்கள். என்றைக்கோ மனிதன் செய்து, மண்ணுக்குள் போய், இரண்டாயிரம் வருஷம் உப்பு ஈரத்திலேயே கிடந்த கண்ணாடி. அந்தக் காலத்தில் கப்பல் வந்துபோன இந்தக் கரையில் அப்படிப்பட்ட, மாலையில் கோக்கிற கண்ணாடி மணிகள் கிடைக்கின்றன. அருங்காட்சியகத்து மணி உதவாது, அதைக் கழுவித் துடைத்துவிட்டிருப்பார்கள். சுற்றியுள்ள மண்ணோடும் தண்ணீரோடும் சேர்த்து எடுத்தால்தான் அது எவ்வளவு கரைந்தது என்று தெரியும்.

“நேர்ல வந்து பாரேன்” என்றாள். கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை

மதுரையிலிருந்து காலை 6.50 பாசஞ்சர், டிக்கெட் 35 ரூபாய். (நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.) மானாமதுரை தாண்டியதும் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. பரமக்குடியில் ஏறிய ஒரு அம்மாவிடம் பத்து ரூபாய்க்குச் சூடான பருப்பு வடை இரண்டு. ஒன்பதேகாலுக்கு இராமநாதபுரம். பேருந்து நிலையம் அருகே விடுதி, இருவர் தங்கும் அறை நாளுக்கு 1,100 ரூபாய். செல்வி விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டிருந்தாள். பையை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஓட்டுநர் சாகுல், முப்பத்தைந்து வயது இருக்கும். தேவிபட்டினம் பதினைந்து கிலோமீட்டர், நான் போக வேண்டிய ஊர் அதிலிருந்து இன்னும் ஆறு. 400 ரூபாய்க்குப் பேசினோம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மணி தேடிக் கூட்டம் வரும், எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள்.

“நவபாஷாணக் கோயிலுக்காக்கா?” என்றார் சாகுல்.

“இல்ல, அதைத் தாண்டி. அங்க ஒரு குழி தோண்டுறாங்கள்ல, அந்த இடத்துக்கு.”

ஆட்டோவின் வேகம் குறைந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். “அணுக்கழிவப் பொதைக்கிற எடத்துக்கா?”

“யாரு சொன்னா?”

“அவங்க வண்டியிலயே எழுதியிருக்கே. ஊரே பேசுது. நேத்து சாயங்காலம் எங்க மச்சான் போன் போட்டு, அந்தப் பக்கத்து மீன வாங்காதன்னு சொல்றாரு.” மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். “நீங்க அதுல பெரிய ஆளாக்கா?”

நான் சிநேகிதியைப் பார்க்கப் போகிற வெறும் டீச்சர் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

தேவிபட்டினத்தில் டீக்குடிக்க நிறுத்தினோம். கடலுக்குள் தூண்களாக நிற்கும் நவகிரகங்களைச் சுற்றி இடுப்பளவு தண்ணீரில் ஜனம் நடந்துகொண்டிருந்தது. பாக் நீரிணைக்கு அலை கிடையாது, ஏரிபோல் கிடக்கும். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

ஊருக்குள் நுழையும்போதே கூட்டம் கண்ணில் பட்டது. மிளகாய்க் காட்டு ஓரத் தரிசில் ஆறடிக்கு ஆறடி குழி, முழங்கால் ஆழம். மண்வெட்டிகள் கரையில் கிடந்தன. செல்வியும் அவளுடைய ஆய்வு மாணவிகள் இருவரும் தொல்லியல் அலுவலர் ஒருவரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வண்டியின் கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒரு தாள்: ‘கதிரியக்கக் கழிவு மேலாண்மை ஆய்வுத் திட்டம் – அரசு நிதியுதவி.’ திட்டத்தின் பெயரை மறைக்காமல் ஒட்ட வேண்டும் என்பது விதியாம். ஒட்டியிருக்கிறார்கள், ஊர் படித்திருக்கிறது.

நிலத்துக்காரர் காளிமுத்து குழிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல். நிலத்தைத் தோண்ட எழுத்தில் சம்மதம் கொடுத்தவரும் அவர்தான்.

“பழைய பானை ஓடு எடுக்கப் போறோம்னுதானம்மா சொன்னீக? அணுக்கழிவுன்னு சொன்னீகளா? நாளைக்கு இந்த ஊரு மிளகாய்னா எந்த வியாபாரி தொடுவான்? நாலு ஏக்கர் பழுத்து நிக்குது!”

“மிளகாய் மட்டுமா?” கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். ஆரோக்கியமேரி, நாற்பது வயதிருக்கும். படகுகளிலிருந்து நண்டு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புகிறவர், மகளிர் குழுத் தலைவியும் அவர்தான். “நேத்துலருந்து ரெண்டு வியாபாரி போன எடுக்கல. எம்பது வீட்டுச் சோறு இது.”

செல்வி விளக்கப் பார்த்தாள். ஒரே இரைச்சல், யார் காதிலும் விழவில்லை. கடைசியில் ஆரோக்கியமேரிதான் முடிவு சொன்னார். “இன்னிக்கும் நாளைக்கும் வேல வேணாம். நாளைக்குச் சாயங்காலம் நாலரைக்கு மீன் ஏலக்கூடத்துக்கு வாங்க. ஊரு முன்னாடி சொல்லுங்க. சொல்றது சரியாப் பட்டாத் தோண்டுங்க, இல்லாட்டி மூடிட்டுப் போயிருங்க.”

செல்வியோடு அந்த வண்டியிலேயே திரும்பினேன். இரண்டு வருஷம் அலைந்து வாங்கின அனுமதி. இந்த இடம் போனால் திட்டம் அநேகமாகப் போனமாதிரிதான். விடுதிக்கு வந்த பிறகு, “அவங்க சொல்றது சரிதான்டி. சம்மதப் படிவத்துல எல்லாம் இருந்துச்சு. ஆனா யாரும் உக்காந்து படிச்சுக் காட்டல” என்றாள்.

சனிக்கிழமை

மாலைவரை வேலை இல்லை. அறையில் உட்கார்ந்து நகம் கடிப்பதற்குப் பதில் தனுஷ்கோடி போய்வரலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். காலை 5.40 பேருந்து, இராமேசுவரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது விடிந்துவிட்டது. இடதுபக்கம் ரயில் பாலம், கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். எத்தனை முறை போனாலும் பேருந்தில் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்கிறார்கள். இராமேசுவரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு (இருவருக்கும் 120 ரூபாய்) அரிச்சல்முனை போகும் பேருந்தைப் பிடித்தோம். எட்டேகாலுக்கு நிலம் முடிகிற இடத்தில் நின்றோம்.

இடதுபக்கக் கடல் அசையாமல் கிடக்க, வலதுபக்கக் கடல் அடித்துக்கொண்டிருந்தது. நடுவே ஒரு தெரு அகலத்துக்கு மணல், அதுவும் முனையில் கூர்ந்து தண்ணீருக்குள் போய்விடுகிறது. செல்வி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

வரும் வழியில் பழைய ஊரில் இறங்கினோம். கூரை இல்லாத தேவாலயச் சுவரும், தண்டவாளம் இல்லாத ரயில் நிலையமும். அறுபத்துநாலில் புயலடித்த அன்று இரவுவரை இங்கே ரயிலும் தபாலாபீசும் இருந்தன. மீன் பொரித்து விற்ற கடைக்காரர் கை நீட்டி, “அந்தா, அலை உடையுதுல்ல, அதுவரைக்கும் அப்ப தெருதான்னு எங்கய்யா சொல்லுவாக” என்றார்.

செல்வி பொரித்த மீனைத் தின்பதை நிறுத்திவிட்டாள்.

“ஒரே நாள்ல ஊரே போச்சு. நாங்க தேடறது கோடி வருஷமா அசையாத பாறையடி. அரைக் கிலோமீட்டருக்கும் கீழ, தண்ணி ஓட்டமே இல்லாத பாறை. இந்த மணல்ல எவனாவது கழிவைக் கொண்டாந்து வைப்பானா? இவங்க பயப்படற விஷயத்தைச் செய்யக் கூடாதுன்னுதான் எங்க படிப்பே சொல்லுது. இதை நான் அவங்ககிட்டச் சொல்லவே இல்ல.”

“சாயங்காலம் சொல்லு” என்றேன்.

நாலேகாலுக்கு ஏலக்கூடத்தில் இருந்தோம். நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, ஐஸ் உருகிய ஈரம். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். செல்வி எந்தப் படமும் காட்டவில்லை. எழுந்து நின்று, “முதல்ல மன்னிச்சிருங்க. முழுசாச் சொல்லாம வந்தது எங்க தப்பு” என்று ஆரம்பித்தாள். கூட்டம் சற்று அடங்கியது. கழிவு எது, கண்ணாடி எதற்கு, மணி எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னாள். தனுஷ்கோடியைச் சொன்னபோது பலரும் தலையாட்டினார்கள். கடல் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆரோக்கியமேரி கேட்டார்: “இது யாரு காசு?”

“அரசாங்கக் காசு.”

“அப்ப எங்க காசு. தீப்பெட்டி வாங்குனாலும் நாங்க வரி கட்டுறம்ல? எங்க காசுல ஆராய்ச்சி செஞ்சுட்டு முடிவ இங்கிலீசுல எழுதிப் பொட்டியில வச்சுக்கிட்டா எப்படி? என்ன தெரிஞ்சுதுன்னு எங்களுக்கு யாரு சொல்லுவா?”

செல்வி பையிலிருந்து நோட்டை எடுத்துக் கேள்வியை எழுதிக்கொண்டாள்.

பிறகு கதிர்வீச்சு அளக்கும் கருவியை வெளியே எடுத்தாள். கையடக்கமான பெட்டி. அழுத்தியதும் டிக், டிக்டிக் என்று சத்தம். “சத்தம் வருதே! அப்ப இருக்குல்ல!” என்று முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். மண்ணிலும் ஆகாயத்திலும் நம் எலும்பிலும்கூட இயற்கையாகவே கொஞ்சம் உண்டு என்றாள் செல்வி. யாரும் நம்புவதாக இல்லை. “நீங்களே எண்ணுங்க” என்று கருவியைக் காளிமுத்து கையில் கொடுத்தாள். எண்ணுவது என் வேலை ஆயிற்று. கொட்டகையில் நிமிஷத்துக்கு இருபத்தாறு டிக். கூட்டமே குழிக்கு நடந்தது, அங்கே இருபத்தொன்பது. கடற்கரையில் இருபத்துநாலு. காளிமுத்து சும்மா இருக்கமாட்டாமல் தன் மோட்டார் கொட்டகைக்குள் போனார். உள்ளே கருவி படபடவென்று அடித்தது. எண்ணினேன், அறுபதைத் தாண்டிவிட்டது.

வெளிறிப்போய் வெளியே வந்தார். “தாயி, என்னமோ இருக்கு உள்ள!”

செல்வி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மிளகாய்க்குப் போடும் பொட்டாஷ் உர மூட்டை. பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு இயற்கையாகவே கதிரியக்கம் உள்ளது, ஆளுக்கு ஒன்றும் செய்யாது. “ஏலே, குழியைவிட உன் உரமூட்டைதான் சத்தம் போடுது” என்று யாரோ சொல்ல, முதல்முறையாகக் கூட்டம் சிரித்தது.

ஆரோக்கியமேரி மட்டும் சிரிக்கவில்லை. கொட்டகைக்குத் திரும்பியதும் கேட்டார்: “மெசினு சரி. ஆனா அந்த நெசக் கதிர்வீச்சுப் பக்கத்துல இருந்த மனுசர் யாராச்சும் இங்கன உண்டா? படிச்சதச் சொல்லாதீக.”

செல்வி தரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டாள். அதனால்தானோ என்னவோ எழுந்துவிட்டேன்.

“நான் இருந்திருக்கேன். பக்கத்துல இல்ல. என் உடம்புக்குள்ளேயே.”

மாத்திரை, தனியறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார் குழந்தையைப் பற்றியும் சொன்னேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு முடித்தேன். “அது மருந்து, சீக்கிரம் தணிஞ்சிரும். இவங்க பேசறது அதைவிட ரொம்பக் கடுமையானது. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. ஆனா அந்த ஆஸ்பத்திரியில யாரும் அதைச் சாதாரணமா நினைக்கல. பயந்தாங்க. பயந்ததாலதான் கனத்த கதவு, தனித் தொட்டி, எழுதிவச்ச நாள் கணக்கு. அந்தப் பயம் தப்பில்ல. சரியாப் பயப்படத்தான் இவ படிச்சிருக்கா.”

உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்திருந்தது கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி. ஆரோக்கியமேரி எழுந்து வந்து, “நகருங்க டீச்சர்” என்றார். என் தோளோடு தோள் இடிக்க அதே பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே மற்ற கேள்விகளைக் கேட்டார்.

ஆறரை மணிக்கு மூன்று நிபந்தனையோடு முடிந்தது. குழியை ஊர் பார்க்கத் தோண்டி, ஊர் பார்க்க மூட வேண்டும். தினமும் அந்தக் கருவியால் ஊர் ஆளே அளந்து, கொட்டகைப் பலகையில் எழுத வேண்டும். ஆராய்ச்சியில் தெரிந்ததைத் தமிழில், இதே கொட்டகைக்கு வந்து சொல்ல வேண்டும். செல்வி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காளிமுத்து வாங்கி, இந்தமுறை சத்தமாக முழுதும் படித்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை

காலைப் பூசை முடிந்து ஜனம் தேவாலயத்திலிருந்து நேராகக் குழிக்கே வந்துவிட்டது. பத்து மணிக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டினார்கள் என்று சொல்வதைவிடச் சுரண்டினார்கள் எனலாம். கரண்டியும் தூரிகையும்தான். விரற்கடை ஆழத்துக்கு ஒருமுறை நிறுத்தி அளந்து, படமெடுத்து, மண்ணைப் பையில் கட்டி எண் போட்டார்கள். வெயில் ஏறியது. பதினொன்றரைக்குக் குழியில் தண்ணீர் கசிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. “அதைக் குடிக்காதடி” என்று கத்தினாள் செல்வி.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆய்வு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். எல்லாரும் குனிந்தோம். கருஞ்சேற்றில் ஒரு மிளகு அளவுக்கு ஒரு மணி. பானை ஓடுகளை வைத்து அந்த மண்ணடுக்குக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது என்றார் தொல்லியல் அலுவலர். சுற்றியிருந்த சேற்றோடு அப்படியே பெயர்த்து எடுத்தார்கள். அதே இடத்தில் கிடந்த உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை மட்டும் செல்வி சின்ன நுண்ணோக்கியின் அடியில் வைத்து, மடிக்கணினித் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெளியே வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக மெல்லிய படலம், அதில் பாலில் எண்ணெய் மிதந்தாற்போல் நிறங்கள். அந்தப் படலத்துக்குக் கொஞ்சம் உள்ளே நீலம். கலங்காத, நேற்று உருக்கி எடுத்ததுபோன்ற நீலம். இத்தனை காலம் இந்த உப்புத் தண்ணீர் அதைத் தின்னப் பார்த்திருக்கிறது. தின்ன முடிந்தது அந்தத் தோல் மட்டும்தான். எத்தனை மழை, எத்தனை புயல், எத்தனை பேர் பிறந்து செத்திருப்பார்கள்!

“இருவது வருசமா இதுக்கு மேலதான் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார் காளிமுத்து, மெதுவாக.

செல்வியோ உடனே எங்களைத் தரைக்கு இறக்கினாள். முழுதாய்க் கரைந்துபோன மணிகள் நம் கண்ணில் படாது, தப்பியதை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் தப்பும் என்று நினைக்கக் கூடாது, அதனால்தான் மண்ணையும் தண்ணீரையும் சேர்த்து எடுக்கிறோம் என்றாள். கழிவுக்கான கண்ணாடியின் கலவையும் வேறு. “இது பதில் இல்ல. எங்க கணக்கு சரியாப் போகுதான்னு பாக்க ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.” கணக்கு டீச்சருக்கு அவள்மேல் அந்த நிமிஷம் வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றரைக்குக் கிளம்பினேன். சாகுல் வந்திருந்தார். அவரும் திரையைப் பார்த்துவிட்டு, “சுப்ஹானல்லாஹ்” என்று மட்டும் சொன்னார். தேவிபட்டினம் தாண்டியதும் வண்டியை நிறுத்தினார். பிறகு மச்சானுக்குப் போன் போட்டு மீன் வாங்கச் சொன்னார்.

போகிறவர்களுக்கு

தை, மாசி நல்ல காலம். பங்குனிக்கு மேல் வெயில் கொளுத்தும். இராமநாதபுரத்தில் தங்கினால் தேவிபட்டினம் பதினைந்து கிலோமீட்டர், எதிர்த்திசையில் திருப்புல்லாணி பத்து, இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அரிச்சல்முனைக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். குடிதண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும். பழைய மணியோ ஓடோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், கிடக்கிற இடத்தைத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பையில் போட்டுக்கொண்டு வந்தால் அது வெறும் பாசிமணி, மண்ணோடு இருந்தால்தான் அது எதையும் சொல்லும். உங்கள் ஊரில் யாராவது அரசு ஆராய்ச்சி என்று வந்தால் தயங்காமல் கேளுங்கள், படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் காசு.

இந்தக் கட்டுரையை மாசியிலேயே எழுதியிருக்கலாம். செல்வி சொன்னபடி திரும்பி வருகிறாளா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். வந்தாள். ஆடியில் ஒரு ஞாயிறு, நாலு பக்கத் தமிழ் அறிக்கையோடு. நானும் போயிருந்தேன். படலத்தின் பருமன் இவர்கள் கணக்குப் போட்டதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனதாகவும், ஒத்துப்போகாத இடம் எது என்றும் சொன்னாள். காளிமுத்துவின் மிளகாய் அந்த வருஷம் எப்போதும்போல் விலைபோயிருந்தது. நண்டு வியாபாரிகளில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார், இன்னொருவர் வரவேயில்லை.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது ஆரோக்கியமேரி ஒரு கேள்வி கேட்டார்.

“கண்ணாடி தாங்குது, பாறையும் தாங்குதுன்னே வச்சுக்குவோம். பத்தாயிரம் வருசம் கழிச்சு வாரவுககிட்ட, இங்கன தோண்டாதீகன்னு எந்தப் பாசையில எழுதி வைப்பீக?”

செல்வி பேனாவை மூடினாள். “தெரியலக்கா. உலகத்துல யாருக்கும் இன்னும் சரியாத் தெரியல.”

“படம் போட்டுறலாம்ல?” என்றார் காளிமுத்து.

“என்ன படம்? மண்டையோடா? பொதையல் இருக்குன்னு மொதல்ல அங்கனதான் தோண்டுவான்” என்றார் ஆரோக்கியமேரி.

“முள்ளு நட்டு வைக்கணும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“கருவேலத்த வெட்டி அடுப்பெரிக்கிறவன் நீ. அவன் வெட்ட மாட்டானா?”

சிரிப்பும் சண்டையுமாக அது வளர்ந்தது. யாரோ பலகையைத் துடைத்துப் படம் வரைந்து பார்த்தார்கள். எழுதவே வேண்டாம், மறந்துபோவதுதான் நல்லது என்றது ஒரு கட்சி. மறந்தால்தானே தோண்டுவான் என்றது இன்னொரு கட்சி. இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத, நம் மொழி ஒரு சொல்லும் அறியாத யாரோ சிலருடைய கை பொசுங்கிவிடக் கூடாது என்று ஒரு தகரக் கொட்டகை முழுக்க மனிதர்கள் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏலம் போட வேண்டிய நண்டுகள் பெட்டிக்குள் புரண்டுகொண்டிருந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.